பதினான்கு ஆண்டுகளாக எண்ணியது எந்த எண்ணை?

ஏலமலை (குமுளி)

2011 செப்டம்பர் கடைசியில், ஒரு சிம் அட்டையிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நவம்பரில் அதை 200 ஆக உயர்த்தினார்கள். இதெல்லாம் இன்று யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. அப்போது தமிழக-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் எண்கள் 640, ஒரு நீள நோட்டில். தீபாவளிச் சரக்கு வந்திருக்கிறது என்று சொல்ல ஏழு நாட்கள் ஆயின. ஏழாவது நாள் செய்தி கிடைத்தவர், "முதல் நாளே சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேனே" என்று கோபித்துக்கொண்டார்.

அந்த எரிச்சலில்தான் ஃபேஸ்புக் பக்கம் திரும்பினேன். ஒரு தடவை எழுதினால் அத்தனை பேரும் பார்ப்பார்கள், காசும் இல்லை, வரம்பும் இல்லை என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். அன்று தொடங்கி, சிறு கடைக்காரர்கள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்தவேண்டும் என்று மாதம் ஒன்றோ இரண்டோ எழுதிவருகிறேன். போன வாரம் மழையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. எழுதியதை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். பாதியைக் கிழித்து அடுப்பில் போடலாம்.

கூகுள் பிளஸ் பற்றி மட்டும் நான்கு கட்டுரைகள். ஒன்றின் தலைப்பிலேயே "எதிர்காலம்" என்ற சொல் இருக்கிறது. 2019 ஏப்ரல் 2ஆம் தேதி அந்த எதிர்காலத்தை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2014 செப்டம்பர் 30இல், ஆர்குட் போய்விட்டது. டிக்டாக்கில் கடை வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று 2020 மே மாதம் எழுதினேன். ஜூன் 29 இரவு தடை வந்தது. நான் புகழ்ந்து எழுதினால் அந்தத் தளத்துக்கு ஆயுசு குறைவு என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

அது பரவாயில்லை. உறுத்துவது வேறொன்று. இத்தனை ஆண்டுகளில் எல்லோரையும் "விருப்பக்குறி எத்தனை, பின்தொடர்பவர் எத்தனை" என்று எண்ணச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கடைப் பக்கத்தில் மூடுபனியில் நிற்கும் ஜீப் படத்துக்கு ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி விழுந்தது. "8 எம்.எம். ஏலக்காய் வந்திருக்கிறது" என்று விலையோடு போட்டதற்கு மூன்று. அந்த மூன்று பேரும் எதிர்க்கடைக்காரர்கள், விலை பார்க்க வந்தவர்கள்.

அந்த நீள நோட்டு இப்போதும் கடையில் இருக்கிறது. இந்த ஆண்டு விற்பனைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நோட்டில் இருந்த 640 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், இன்னும் வாங்குகிறார்கள். பக்கத்தைப் பின்தொடரும் பதினோராயிரம் பேரில் வாங்கியவர் என்று நான் அடையாளம் காட்டக்கூடியவர்கள் இருபது பேர் தேறமாட்டார்கள்.

எல்லைப்பக்கம் வியாபாரம் செய்பவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கு உண்மையில் சரக்கை விற்றுக்கொடுத்தது எது?

கம்பம்மெட்டு

உங்கள் பேச்சைக் கேட்டு 2017இல் நான் செலவழித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். "இடைத்தரகர் எதற்கு, விவசாயி நேராக நுகர்வோருக்கு விற்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். பொட்டலம் ஒட்டும் இயந்திரம் வாங்கினேன். வண்ணச் சீட்டு அச்சடித்தேன். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணுக்கு அலைந்தேன். எடை, விலை, பொட்டலமிட்ட மாதம் எல்லாம் விதிப்படி போட்டேன். மகன் பக்கம் தொடங்கி, பூவும் காயுமாகப் படம் போட்டான். எங்கள் தோட்டத்து ஞள்ளானி ரக ஏலக்காய்ச் சரம் அவ்வளவு அழகாக இருக்கும். பார்த்தவர்கள் எல்லாம் "அருமை" என்றார்கள்.

ஓர் ஆண்டில் விற்றது மூன்று கிலோ.

ஒரு குடும்பத்துக்கு 50 கிராம் ஏலக்காய் இரண்டு மூன்று மாதம் வரும். பாயசம் வைத்தால் ஐந்து காய், தேநீருக்கு ஒரு காய். எனக்கோ ஒவ்வொரு எடுப்புக்கும் பச்சைக் காய் மூட்டை மூட்டையாக வருகிறது. ஐந்து கிலோ பச்சையை ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கூடத்தில், போட்டு எடுத்தால் ஒரு கிலோ. அதை ஐம்பது ஐம்பது கிராமாக விற்க நான் எத்தனை ஆயிரம் பேரைப் பிடிக்கவேண்டும் என்று நீங்கள் கணக்குப் போட்டீர்களா? புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் மொத்தக் குவியலையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்கிறார்கள். பணம் வர நாளாகும், வரும். 2019 ஆகஸ்டில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்று ஆண்டுக்குள் சராசரி ஆயிரத்துக்குக் கீழே போனது. இரண்டு நேரத்திலும் என் ஃபேஸ்புக் பக்கம் எனக்கு எதுவும் செய்யவில்லை.

இயந்திரத்தில் இப்போது வீட்டுக்காரி வற்றல் பொட்டலம் கட்டுகிறாள்.

தேயிலைக்காடு (வண்டிப்பெரியாறு)

ஏலமலை அண்ணா, நான் ஊறுகாயும் பொடியும் செய்து விற்கிறேன். காந்தாரி மிளகாய் ஊறுகாய்தான் அதிகம் போகும். அம்மாவும் பெரியம்மாவும் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்கள்.

கம்பம்மெட்டு ஐயா சொன்னது என் சரக்குக்குப் பொருந்தாது. ஊறுகாய் மாதத்தில் தீரும். தீர்ந்தால் கேட்பார்கள். அதனால் வழி மோசம் என்று சொல்வதற்கு முன் சரக்கு எது என்று பார்க்கவேண்டும்.

என் கணக்கையும் சொல்கிறேன். மிளகாயைக் கல்லில் நசுக்கும் ஒரு ரீல் நான்கு லட்சம் பேருக்குமேல் பார்த்தார்கள். அந்த வாரம் வந்த ஆர்டர் பதினொன்று. அதில் நான்கு பேர் பணம் அனுப்பவில்லை. மாதம் ஒருமுறை, 140 பேர் உள்ள பட்டியலுக்கு அம்மா குரலில் அரை நிமிடம் பேசி அனுப்புவோம். "மழை விட்டிருக்கிறது, நெல்லிக்காய் வந்திருக்கிறது, வேண்டியவர்கள் சொல்லுங்கள்" என்று. முப்பது ஆர்டருக்குக் குறைந்ததில்லை.

ஆனால் அந்த 140 பேர் எங்கிருந்து வந்தார்கள்? பாதிப் பேர் ரீல் பார்த்து வந்தவர்கள்தான். ரீலைத் திட்டினால் எனக்கு நன்றி இல்லை என்று ஆகிவிடும்.

மலைச்சவாரி (தேக்கடி ஜீப்)

நான் ஓட்டுநர். கமிஷனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானே திறக்கிறேன்.

சுற்றுலாப் பயணியைக் கடையில் இறக்கினால் ஓட்டுநருக்குக் கமிஷன். இது தேக்கடியில் மட்டும் இல்லை, எல்லாச் சுற்றுலா ஊரிலும் உண்டு. அந்தப் பணம் கிராம்பின் விலையில்தான் ஏறும். கூகுள் வரைபடத்தில் கடைக்கு நட்சத்திரம் போடும் வழக்கம் பரவிய பிறகு பயணிகள் பின் இருக்கையில் உட்கார்ந்தபடியே "அந்தக் கடை வேண்டாம், இந்தக் கடைக்குப் போங்கள்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஓட்டுநர்கள் வாய்விட்டே சபித்தோம். நானும்தான்.

பிறகு என் ஜீப்புக்கும் நட்சத்திரம் போட்டார்கள். அப்போது சபிப்பதை நிறுத்தினேன்.

2018ஐ மறக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் ஆண்டு என்று மலை முழுக்க எதிர்பார்த்திருந்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி இடுக்கி அணையின் செறுதோணி மதகை 26 ஆண்டுக்குப் பிறகு திறந்தார்கள். அதன் பின் நடந்தது உங்களுக்கே தெரியும். வெள்ளக் காட்சிகள் நாடு முழுக்க ஓடின. அதே சமூக ஊடகத்தில்தான் எங்கே ஆள் சிக்கியிருக்கிறார்கள் என்று தகவல் சேர்த்துப் படகு அனுப்பினார்கள், அதையும் சொல்லவேண்டும். ஆனால் நவம்பரில் சாலை எல்லாம் சரியான பிறகும் ஆகஸ்ட் காட்சிகளே சுற்றிக்கொண்டிருந்தன. ஒருவரும் வரவில்லை.

நான் தினமும் காலையில் சத்திரம் என்ற மலையூருக்குப் போகும் வழியை, பருந்தும்பாறைக் காட்சிமுனையை ஒரு படம் எடுத்து, முன்பு என் வண்டியில் வந்தவர்களின் எண்களுக்கு அனுப்பினேன். தேதியைச் சொல்லி, "இன்று காலை எடுத்தது" என்று மட்டும் எழுதினேன். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ஏழெட்டுக் குடும்பங்கள் வந்தன. அந்த டிசம்பரில் வண்டித் தவணை கட்டியது அவர்களால்தான்.

போடிக் கணக்கு

இடையில் ஒரு தகவல். கேட்க விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

எல்லையில் இருந்துகொண்டு இணையத்தில் விற்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. மாநிலத்துக்குள்ளேயே விற்றால் ஜிஎஸ்டி பதிவுக்கு ஆண்டு விற்றுமுதல் வரம்பு உண்டு. வரிக்குரிய சரக்கை மாநிலம் தாண்டி விற்றால் அந்த வரம்பு கிடையாது, முதல் பொட்டலத்துக்கே பதிவு வேண்டும். வண்டிப்பெரியாற்றிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊறுகாய் அனுப்பினால் ஒரு சட்டம். மலை இறங்கினால் வந்துவிடும் கம்பத்துக்கு அனுப்பினால் வேறு சட்டம். சொந்தமாகப் பயிர் செய்து விளைந்ததை விற்கும் விவசாயிக்குப் பதிவிலிருந்து விலக்கு இருக்கிறது. வாங்கி விற்பவருக்கோ ஊறுகாய் போடுபவருக்கோ இல்லை.

"அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தானே அனுப்புகிறேன்" என்று என்னிடம் வருபவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்துக்கு நடுவில் மாநில எல்லை ஓடுகிறது அம்மா.

தேயிலைக்காடு (வண்டிப்பெரியாறு)

பதிவு எடுத்துவிட்டேன் ஐயா. எடுக்காமல் இருந்த ஏழு மாதங்களைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.

கம்பம்மெட்டு

விவசாயிக்கு விலக்காம். இத்தனை ஆண்டில் இந்த நாட்டில் எனக்கென்று கிடைத்த ஒரு நல்ல செய்தி. விற்கத்தான் ஆள் இல்லை.

ஏலமலை (குமுளி)

கம்பம்மெட்டு ஐயா, நீங்கள் சொன்ன கணக்கை நான் போடவில்லை. அது உண்மை. ஊறுகாய்க்கும் ஏலக்காய்க்கும் ஜீப்புக்கும் ஒரே மருந்தை எழுதிக்கொடுத்திருக்கிறேன். "தொடர்ந்து பதிவிடுங்கள், படம் தெளிவாக இருக்கட்டும், பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்." யார் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை திரும்ப வாங்குவார்கள் என்ற முதல் கேள்வியை எங்குமே கேட்கவில்லை. கடையில் கணக்கு எழுதியவன் நான்; அந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

மலைச்சவாரி நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 2015இல் "புதிதாகத் தொடங்குபவர்கள் உறவினர், நண்பர்களை முதல் பத்து விமர்சனம் எழுதச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். அப்போது எல்லோரும் செய்தார்கள். ஒரு தங்கும் விடுதி உரிமையாளரின் மைத்துனர் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, "காலையில் ஜன்னலைத் திறந்தால் யானைக் கூட்டம்" என்று எழுதிவிட்டார். அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி. யானையைத் தேடி வந்த குடும்பம் போட்ட சண்டையை நேரில் பார்த்தேன். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஒரு தரநிலை வெளியிட்டது. காசுக்கு வாங்கிய விமர்சனத்தைப் போடக்கூடாது என்று. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் கண்ணில் நின்றது.

மலைச்சவாரி (தேக்கடி ஜீப்)

அந்த மைத்துனரையாவது விடலாம், சொந்தக்காரர். இரண்டு இரவு இலவசமாகத் தங்கி, மூன்று வேளையும் சாப்பிட்டு, வீடியோ போடுபவர்கள் இருக்கிறார்களே? 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை, இலவசமாகப் பெற்றால்கூட விளம்பரம் என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. என் வண்டியில் ஏறிய ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நான் விளம்பரம் செய்யவில்லை, அனுபவத்தைப் பகிர்கிறேன்" என்றார். டீசல் அனுபவத்தில் ஓடாது என்றேன். இறங்கிவிட்டார்.

புத்தூர்க்காரன்

நான் ஆந்திர எல்லை. நகரி பக்கம் தறித் துணி மொத்த வியாபாரம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கணக்கு இரண்டிலும்.

எங்கள் ஊர்ப் பெயரை உங்களில் பலர் பெயர்ப்பலகையில் பார்த்திருப்பீர்கள். புத்தூர் கட்டு. கை கால் முறிந்தால் கட்டுப் போட்டுவிடும் வைத்தியம். சென்னையில் எத்தனையோ தெருக்களில் "புத்தூர் மாவுக்கட்டு" என்று பலகை தொங்குகிறது. அதில் எத்தனை பேர் புத்தூரை ஒரு முறையாவது மிதித்திருப்பார்கள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஃபேஸ்புக் பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே, காலை உடைத்துக்கொண்டவன் இன்னொருவனுக்குச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் அவ்வளவு தூரம் போனது. ஏலமலை சொல்லும் நீள நோட்டுகூட அவர்களிடம் இல்லை.

ஆனால் அதனாலேயே அந்தப் பெயர் யார் கையிலும் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டுகிறார்கள். தவறாகக் கட்டி எலும்பு கோணலாகச் சேர்ந்தால் திட்டு எங்கள் ஊருக்கு. வாய்வழி விளம்பரத்தை இங்கே எல்லோரும் தெய்வமாக்குவதற்கு முன் இதையும் யோசிக்கவும். வாய்க்குக் கதவு கிடையாது.

தேயிலைக்காடு (வண்டிப்பெரியாறு)

புத்தூர் அண்ணன் சொன்னது சரி. அரவணை விஷயத்தில் நேராகப் பார்த்தோமே. 2023 ஜனவரியில், சபரிமலைப் பிரசாதமான அரவணையில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஒரே நாளில் எல்லாக் குழுவிலும் அந்தச் செய்தி. ஏலக்காயே சேர்க்காத என் ஊறுகாயைக்கூட "உங்கள் பக்கத்துச் சரக்கு, வேண்டாம்" என்று இரண்டு பேர் திருப்பினார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அந்தச் செய்தியை எனக்கு ஒருவரும் முன்னனுப்பவில்லை. நானே செய்தித்தாளில் படித்தேன்.

ஏலமலை (குமுளி)

என் பழைய கட்டுரைகளில் நான் அறவே தொடாத இடம் இது. தொடாததற்குக் காரணம் பயம்.

2011 டிசம்பரை எல்லையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். முல்லைப்பெரியாறு விவகாரத்தில் குமுளி வழி அடைபட்டது. கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு வரும் தொழிலாளர் ஜீப்புகள் நின்றன. காயை எடுக்க ஆள் இல்லை. எங்கள் கடை நாட்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடை மலையாளி அண்ணன் எங்கள் பூட்டுக்கும் சேர்த்துக் காவல் இருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் இதைப்போலவே ஒரு மலையாளிக் கடைக்குத் தமிழர் காவல் இருந்ததாகவும் கேள்விப்பட்டேன். அந்த நாட்களில் கைபேசியில் வந்த குறுஞ்செய்திகளில் பத்துக்கு எட்டு பொய். அங்கே அடித்தார்கள், இங்கே கொளுத்தினார்கள் என்று. தீபாவளிக்கு ஏலக்காய் வந்திருக்கிறது என்று நான் சொல்லக் கற்றுக்கொண்டேனே, அதே வழிதான்.

அதற்குப் பிறகும் நான் "செய்தி வேகமாகப் பரவும், பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்றுதான் எழுதினேன். எது பரவும் என்று எழுதவில்லை. 2018இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அல்லது ஐந்து குழுவுக்குமேல் முன்னனுப்ப முடியாமல் செய்தது. அப்போது வியாபாரிகள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. டிசம்பர் நினைவு இருந்தது.

கம்பம்மெட்டு

இப்போது உங்கள் பேச்சில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

ஒரு விவசாயியாக நான் இதைப் பார்க்கும் விதம் வேறு. எங்கள் ஏலக்காய் மலை நிலத்தின் கதை இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 1897இல் திருவிதாங்கூர் சர்க்கார் போட்ட அறிவிப்பின்படி அது வன நிலமா வருவாய் நிலமா என்று இன்றும் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. என் தாத்தா காலத்திலிருந்து பயிர் செய்கிறோம். பட்டயம் (நில உரிமைப் பத்திரம்) வரும் வரும் என்று சொல்லியே மூன்று தலைமுறை போய்விட்டது. வரி கட்டுகிறோம், வீடு கட்டிக்கொள்ளத்தான் யோசனை.

ஃபேஸ்புக் பக்கமும் அப்படித்தான். உழைப்பு உன்னுடையது, நிலம் அவனுடையது. 2018 ஜனவரியில் வியாபாரப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்து நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளை முன்னால் காட்டப்போகிறோம் என்று அறிவித்தார்கள் அல்லவா? அவர்கள் நிலம், அவர்கள் விதி. எங்களுக்காவது நோட்டீஸ் வரும்.

தேயிலைக்காடு (வண்டிப்பெரியாறு)

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டயம் இல்லாத அந்த நிலத்தில்தானே மூன்று தலைமுறை சாப்பிட்டது? பட்டயம் வந்த பிறகுதான் நடுவேன் என்று உங்கள் தாத்தா உட்கார்ந்திருந்தால் நீங்கள் இன்று யார்? எங்கள் வீட்டுக்குக் கணக்கில் காட்ட ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்யவேண்டும் என்ற பயத்திலேயே அம்மா முப்பது ஆண்டு வேலை பார்த்தாள். எனக்கு முதலில் கிடைத்த இடமே அந்த இரவல் நிலம்தான். கைபேசியும் ஒரு மிளகாயும் இருந்தால் போதும் என்று கதவைத் திறந்துவிட்டது.

இரவல் என்று தெரிந்து பயிர் செய்கிறேன், அவ்வளவுதான். தெரியாமல் இருந்தது ஒரு காலம். போன ஆண்டு நான் பயன்படுத்தும் ஒரு செயலியில் என் வியாபார எண்ணைத் திடீரென்று முடக்கிவிட்டார்கள். பெயர் வேண்டாம். காரணமும் சொல்லவில்லை. பதினெட்டு நாள் கழித்துத் திறந்தது. அந்தப் பதினெட்டு நாளில் 140 எண்ணில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டு. ஒன்று பெரியம்மா, இன்னொன்று கூரியர்க்காரர்.

அன்றிலிருந்து நானும் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன் அண்ணா. பெயர், எண், ஊர், கடைசியாக என்ன வாங்கினார், உப்பு குறைவாகக் கேட்டாரா என்று.

மலைச்சவாரி (தேக்கடி ஜீப்)

2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் படுத்தது நினைவிருக்கிறதா? அன்றுதான் வீட்டில் சாப்பாட்டைத் தட்டில் பார்த்தபடி சாப்பிட்டேன் என்று மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

போடிக் கணக்கு

ஏலமலை, உங்களிடம் ஒரு நேரான கேள்வி. தவறுகளை எல்லாம் சொல்லிவிட்டீர்கள். நாளைக்கு ஒருவர் புதிதாகக் கடை போட்டு உங்களிடம் வந்தால் எதை எண்ணச் சொல்வீர்கள்? "எதையும் எண்ணாதே" என்று சாமியார் பதில் வேண்டாம்.

ஏலமலை (குமுளி)

சாமியார் பதில் இல்லை, கணக்குப்பிள்ளை பதிலே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போடுகிறோம் அல்லவா, ஒரு பட்டியலுக்கு 256 பேர். அதில் ஒரு விதி உண்டு. நம்முடைய எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். பல ஆண்டுகள் இதை ஒரு குறையாகவே எழுதினேன். அதைச் சுற்றிப் போகும் வழிகளையும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது யோசித்தால், எனக்குத் தேவையான அளவுகோலை அதற்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள். 256 பேருக்கு அனுப்பினால் எத்தனை பேருக்கு, செய்தி சேர்ந்ததற்கு அடையாளமான, இரண்டு குறி விழுகிறது என்று பார்க்கச் சொல்வேன். இணைப்பில் இல்லாதவர்கள் சிலர் இருப்பார்கள், அதனால் மறுநாள் பார்க்கவேண்டும். எங்கள் கடையில் போன வாரம் பார்த்தேன். 91 பேர். இந்த 91 பேர் தங்கள் அக்காள் எண்ணுக்கும் கேஸ் கம்பெனி எண்ணுக்கும் நடுவில் எங்களுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். பதினோராயிரத்துக்குப் பதில் அந்த 91ஐச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை, எண் சின்னதாக இருக்கிறதாம்.

இரண்டாவது, எல்லையில் இருப்பவனுக்கு ஆண்டுக்கு இரண்டு பங்கு பண்டிகை. ஓணம், விஷு கோட்டயம் பக்கம். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் அங்கேயே. தீபாவளி, பொங்கல் தேனி, மதுரைப் பக்கம். ரம்ஜானுக்குப் பிரியாணிச் சாமான் இரு பக்கமும். நடுவில் கார்த்திகை பிறந்தால் சாமிமார் கூட்டம். நான் இத்தனை நாள் எல்லோருக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே பதிவு போட்டேன், கௌரவமாக இருக்கும் என்று. யார் வீட்டுப் பண்டிகைக்கும் அது ஒட்டவில்லை. இப்போது நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் த, ம என்று ஓர் எழுத்துப் போட்டுப் பிரித்துவிட்டேன். த என்றால் தமிழ், ம என்றால் மலையாளம். அவ்வளவுதான் என் தொழில்நுட்பம்.

ரீல் போடவேண்டாம் என்று சொல்லமாட்டேன். தேயிலைக்காடு சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. போடட்டும். போட்டவுடன் வந்தவரின் பெயரை நோட்டில் எழுதட்டும்.

புத்தூர்க்காரன்

மொத்த வியாபாரியான எனக்கு 91 பேர் எதற்கு? ஒன்பது பேர் போதும். ஒன்பது பேரும் என் எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறார்கள், பணம் கேட்டு நான் கூப்பிட்டால் எடுக்காமல் இருப்பதற்காக.

போடிக் கணக்கு

இது உண்மையான அளவுகோல்.

மலைச்சவாரி (தேக்கடி ஜீப்)

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கோயிலுக்கு ஜீப் விடுவார்கள் அல்லவா, ஆண்டுக்கு ஒரே நாள். அன்று கண்ணகியைப் பார்க்க வருபவர்களில் எத்தனையோ பேர் என் எண்ணை வாங்கிக்கொண்டு போவார்கள். "ஜீப் குமுளி" என்று சேமிப்பார்கள். என் பெயரைக் கேட்டுச் சேமித்தவர்கள் குறைவு. அவர்கள்தான் திரும்ப வருகிறார்கள். ஏலமலை, இதையும் உங்கள் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்தப் பெயரில் சேமித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஏலமலை (குமுளி)

சேர்த்துவிட்டேன். நாளைக்கே அந்த 91 பேரில் பத்துப் பேரிடம் கேட்கிறேன். "ஏலக்காய் கடை" என்று இருந்தால் மனம் உடையாமல் இருக்கவேண்டும்.

கம்பம்மெட்டு ஐயா, அந்த இயந்திரச் செலவுக்கு நான் எதுவும் செய்யமுடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று கிலோவை வாங்கியவர்கள் யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

கம்பம்மெட்டு

மகன் எழுதி வைத்திருந்தான். இன்று மதியம் தேடி எடுத்தோம். முப்பத்தெட்டுப் பேர். அதில் காரைக்குடிக்காரர் ஒருவர் பலகாரக் கடை வைத்திருக்கிறார், ஒரு கிலோ அவரே வாங்கியிருக்கிறார். மறந்தே போயிற்று. அவருக்கு மட்டும் பேசினேன். "எங்கே போனீர்கள், நான் இத்தனை நாள் வெளியில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்" என்றார். தீபாவளிக்குப் பதினைந்து கிலோ, 7 எம்.எம். போதும் என்றார். ஏலத்தில் போன விலையைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். மீதி முப்பத்தேழு பேருக்கு ஐம்பது கிராம் அனுப்ப இப்போதும் எனக்கு நேரம் இல்லை.

நாளைக்கு முதல் எடுப்பு. கம்பத்திலிருந்து ஜீப் ஆறரைக்கு வரும். உலர்ந்ததும் உங்களுக்கு 200 கிராம் அனுப்புகிறேன், ருசி பார்த்துச் சொல்லுங்கள். இலவசம் இல்லை, காசு அனுப்பவேண்டும். எண்ணைத் தனியாக அனுப்புங்கள். என்ன பெயரில் சேமிப்பது என்று இனிமேல்தான் யோசிக்கவேண்டும்.